மாத்திரையை நிறுத்தின மூணாவது நாள்: மூளைக்குள்ள என்ன நடக்குது?

போன எபிசோடில் குடியை நிறுத்தும்போது வருகிற கை நடுக்கத்தைப் பற்றிப் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகளில் நிறைய மாத்திரையைப் பற்றித்தான். "வலி மாத்திரைப் பழக்கத்தை விட்டா உயிர் போயிடுமா?" என்று ஒருத்தர். "ரூமுல போட்டுப் பூட்டினா நாலு நாள்ல சரியாயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று இன்னொருத்தர். முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் எனக்குப் பயமா இருந்தது. அதனால் இன்றைக்கு அதையே எடுத்துக்கலாம்.

இதை எங்க ஊர் அபிஷேகப்பாக்கத்தில் உட்கார்ந்துதான் பதிவு செய்றேன். நடுவில் கோழி கூவினா கண்டுக்காதீங்க. இங்கே மாத்திரைப் பழக்கம் பரவிக் கிடக்குது என்று சொல்ல வரல. எங்களுக்குத் தெரிஞ்ச போதை சாராயம்தான். பாண்டிச்சேரி கிராமங்களில் "திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்க. கை உதறும், வலிப்பு வரும், சுவத்துல பூச்சி ஊர்ற மாதிரி தெரியும், உளறுவான் என்று ஒவ்வொரு தெருவிலும் சொல்லுவாங்க. அது சரியான அறிவு. குடியை நிறுத்தும் முதல் சில நாள்கள் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தானவை. சிக்கல் என்னன்னா, அந்த அறிவை அப்படியே மாத்திரைக்கும் ஊசிக்கும் பொருத்திடறோம். "அந்த நாலு நாளைத் தாண்டிட்டா தப்பிச்சான்" என்று நினைக்கிறோம். ஓபியாய்டு விஷயத்தில் பெரும்பாலும் இது தலைகீழ். அந்த நாலு நாள் நரகம். ஆபத்து அதுக்கு அப்புறம்தான் கூடுது.

ஏன்னு புரியணும்னா மூளைக்குள்ள கொஞ்சம் போகணும்.

முதலில் ஓபியாய்டுன்னா என்ன? உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கு இல்லையா? அதே செடியோட காயைக் கீறினா வடிகிற பால்தான் அபின். விதையில் போதை கிடையாது, குருமாவை நிம்மதியா சாப்பிடுங்க. அபினிலிருந்து மார்ஃபின், கோடீன். மார்ஃபினை மாற்றிச் செஞ்சது ஹெராயின். 1898-ல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்துன்னு வித்தது. அப்புறம் ஆய்வகத்திலேயே செய்ற ட்ரமடால், டேபென்டடால், ஃபென்டனில். இப்போ தமிழ்நாட்டுச் செய்திகளில் "போதை மாத்திரை, ஊசி" என்று படிக்கிறோமே, அதில் அடிக்கடி வர்ற பேர் டேபென்டடால். நல்ல வலி மருந்து அது. அறுவை சிகிச்சைக்கு அப்புறம், கடுமையான முதுகு வலிக்கு டாக்டர்கள் எழுதறது. அதைப் பொடிச்சுத் தண்ணியில் கரைச்சு ஊசியில் ஏத்துறாங்க. மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கு? மாத்திரைக்கு வடிவம் கொடுக்கிற மாவுப்பொருள் எல்லாம் இருக்கு. அது ரத்தக் குழாயில் போய் அடைக்கும், நுரையீரலில் தங்கும். அது தனிக் கதை.

எய்ம்ஸ் செய்து 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் 2.06 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துறாங்கன்னு கணக்கு வந்தது. ஹெராயின் 1.14. மாத்திரை, சிரப் மாதிரி மருந்துக்கடைச் சரக்கு 0.96. பஞ்சாப், மணிப்பூர் கதைன்னு ஒதுக்கிட்டுப் போக முடியாத அளவு.

இந்தச் செடிச் சாறு ஏன் நம்ம மேல வேலை செய்யுது? 1973-ல் அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடரும் கேண்டஸ் பெர்ட்டும் மூளையில் இதுக்கென்றே ஒரு வாங்கி இருக்குன்னு காட்டினாங்க. ரிசப்டார். பூட்டு மாதிரி. பூட்டு இருந்தா சாவியும் இருக்கணுமே? நம்ம மூளை கசகசாச் செடிக்காகக் காத்துக்கிட்டா இருந்தது? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் இரண்டு பேரும் அந்தச் சாவியை எடுத்தாங்க. என்கெஃபலின். நம்ம உடம்பே செய்ற ஓபியாய்டு. அடிபட்டா வலியைத் தணிக்க, பயத்தை அடக்க, கொஞ்சம் கொஞ்சமா சுரக்கிறது. மாத்திரையும் ஊசியும் அந்தப் பூட்டைத் திறக்கிற கள்ளச் சாவி. உடம்பு சொட்டுச் சொட்டா விடறதை இது குடம் குடமா ஊத்துது.

இப்போ ஒரு படம். வில்லியனூர் தேர் பார்த்திருப்பீங்க. கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர், பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம். தேரோட்டத்தில் எல்லாரும் வடம் இழுக்கிறவங்களைத்தான் பார்ப்பாங்க. நான் பார்க்கிறது சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டையோட ஓடறவங்களை. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வேகத்தை அடக்குறாங்க, திருப்புறாங்க.

நரம்பணு ஒரு தேர்னு வெச்சுக்கோங்க. ஓபியாய்டு ஒரு முட்டுக்கட்டை. போட்டதும் வேகம் குறையும். அதனால்தான் வலி அடங்குது, மனசு அமைதியாகுது, மூச்சும் மெதுவாகுது. ஒரு நாள், ரெண்டு நாள்னா கட்டையை எடுத்ததும் தேர் பழைய வேகத்துக்கு வந்துடும். ஆனா தினமும் மூணு வேளை, நாலு வேளை, மாசக்கணக்கில் கட்டை போட்டா? தேர் நகர்ந்தாகணுமே. நரம்பணு கூடுதலா ஆளைக் கூப்பிடுது. நூறு பேர் இழுத்த வடத்தை முந்நூறு பேர் இழுக்கிறாங்க. கட்டை போட்டிருந்தும் தேர் சாதாரண வேகத்தில் போகுது. இதைத்தான் "பழைய அளவு ஏறவே மாட்டேங்குது" என்று சொல்றாங்க. அதனால் இன்னும் பெரிய கட்டை. அதனால் இன்னும் ஆள்.

இப்போ யாரோ வந்து கட்டையைச் சட்டுனு உருவிட்டாங்க. முந்நூறு பேரும் இழுத்துக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கு விஷயம் தெரியாது. தேர் எப்படிப் பாயும்?

விலகல் அறிகுறிகள் என்கிறது அந்தப் பாய்ச்சல்தான்.

இது வெறும் உவமைன்னு நினைக்காதீங்க. 1975-ல் ஷைல் ஷர்மா, வெர்னர் க்ளீ, மார்ஷல் நிரன்பர்க் என்ற மூணு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை பண்ணினாங்க. நிரன்பர்க் மரபணுக் குறியீட்டைப் படிச்சதுக்காக ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கினவர். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் மேல மார்ஃபின் விட்டாங்க. செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பி என்ற ஒரு தூதுப்பொருள் குறைஞ்சது. மார்ஃபினிலேயே ஊற விட்டாங்க. செல் அந்தத் தூதுப்பொருளைச் செய்ற என்ஸைமைக் கூட்டிக்கிட்டு பழைய நிலைக்கு வந்துடுச்சு. மார்ஃபினை எடுத்தாங்க. சைக்ளிக் ஏஎம்பி இயல்பான அளவையும் தாண்டி எகிறுச்சு. அதாவது தட்டில் கிடக்கிற செல்லுக்கே பழக்கம் வந்தது, விட்டதும் துடிச்சது. அந்தச் செல்லுக்குக் கூடாத சகவாசம் கிடையாது. வளர்ப்புச் சரியில்லைன்னு அதோட அம்மாவைத் திட்ட முடியாது. மன உறுதி இல்லைன்னும் சொல்ல முடியாது, மனசே கிடையாதே! எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். "அவனுக்கு மனசு இருந்தா விட்டுருவான்" என்று பேசறவங்ககிட்ட நான் சொல்றது இதைத்தான்.

சரி, உடம்பில் இது எங்கே தெரியும்? மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன இடம். லத்தீனில் 'நீல இடம்'னு அர்த்தம். சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான், ஆனா அதோட கிளைகள் கிட்டத்தட்ட மூளை முழுக்கப் போகுது. நாய் துரத்தினா உங்களைத் தூக்கிவாரிப் போட வைக்கிற நாரட்ரினலின் மூளைக்குள்ள முக்கியமா இங்கிருந்துதான் வருது. ஓபியாய்டு கட்டை இங்கே பலமா விழும். கட்டையை உருவினா இந்த நீல இடம் வெறி பிடிச்ச மாதிரி சுட ஆரம்பிக்குது. துரத்துற நாய் எதுவும் இல்லை. ஆனா உடம்பு துரத்தப்படுது.

ஒரு பையன்னு வெச்சுக்குவோம். இருபத்திரண்டு வயசு, கட்டட வேலை. கடைசி டோஸ் ராத்திரி பத்து மணி. மருந்தைப் பொறுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் முதல் அறிகுறி வரும். காலையில் கொட்டாவி. தூக்கக் கொட்டாவி இல்லை, விடாம வர்ற கொட்டாவி. மூக்கு ஒழுகும், கண்ணில் தண்ணி. வீட்டில் "சளி பிடிச்சிருக்கு"ன்னு கஷாயம் வெச்சுக் கொடுப்பாங்க. சாயங்காலம் வியர்வை, கூடவே குளிர். உடம்பெல்லாம் புல்லரிக்கும். நல்ல பாட்டைக் கேட்டா வர்ற அதே புல்லரிப்பு, அதே நரம்பு, ஆனா நிக்காது. போதையில் ஊசிமுனை மாதிரி இருந்த கண்மணி இப்போ அகலத் திறந்திருக்கும், வெளிச்சம் குத்தும். எலும்புக்குள்ள வலி. கால் தானா உதைச்சுக்கும், படுக்க முடியாது, உட்கார முடியாது. டாக்டர்கள் இந்த அடையாளங்களைப் பதினொரு இனமாப் பிரிச்சு மதிப்பெண் போடுவாங்க. நாடித் துடிப்பு, கொட்டாவி, கண்மணி, புல்லரிப்பு எல்லாம் அதில் உண்டு. நடிக்கிறானா இல்லையான்னு சந்தேகப்படறவங்களுக்கு ஒரு விஷயம்: கண்மணியை யாராலும் நடிச்சு விரிக்க முடியாது.

இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். இப்போ வயிறு. குடலுக்குன்னே தனியா ஒரு பெரிய நரம்பு வலை இருக்கு, அதிலேயும் இதே பூட்டுகள் இருக்கு. கோஸ்டர்லிட்ஸ் தன்னோட ஆய்வுகளைச் செஞ்சதே கினிப்பன்றியின் குடல் துண்டை வெச்சுத்தான். ஓபியாய்டு குடலைக் கட்டிப்போடும், மலச்சிக்கல் வரும். விட்டா குடல் பாயும். வயித்தைப் பிசையும், வாந்தி, பேதி. ஒரு வேடிக்கை பாருங்க: பேதிக்கு மருந்துக்கடையில் கொடுக்கிற லோபெரமைடு, அதுவும் ஒரு ஓபியாய்டுதான். சாதாரண அளவில் மூளைக்குள்ள போகாம குடலோட நின்னுடும். அதுக்காக அதையே பத்து, இருபதுன்னு விழுங்கிடாதீங்க, இதயத் துடிப்பைக் குலைச்சு ஆளைக் கொன்னுடும்.

உச்சத்தில் அந்தப் பையன் "செத்துடுவேன்"னு கத்துவான். பொதுவா, வேற நோய் இல்லாத இளைஞன் ஓபியாய்டு விலகலால் மட்டும் சாகிறது அரிது. சாகிறது பெரும்பாலும் வாந்தி பேதியில் நீர் வற்றி, அதை யாரும் கவனிக்காம விட்டதால். தண்ணி, உப்புக் கரைசல் இறங்கணும், இறங்கலைன்னா ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏத்தணும். கர்ப்பிணிகள் கதை வேற, திடீர்னு நிறுத்தறது குழந்தையைப் பாதிக்கும், டாக்டர் இல்லாம செய்யவே கூடாது. ட்ரமடாலை அளவு மீறி எடுத்தவங்களுக்கு வலிப்பும் வரலாம்.

ஐந்தாம் நாள், ஏழாம் நாள். பேதி நின்னுடும். குளிச்சு, தலை சீவி, இட்லி சாப்பிடுவான். வீட்டில் பூட்டைத் திறப்பாங்க. "எங்க புள்ள மீண்டுட்டான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமா கேளுங்க.

மூளையில் இரண்டு கணக்கு ஓடுது. ஒண்ணு, மூளைத்தண்டு. வடம் பிடிச்ச கூடுதல் ஆள்கள் ஒவ்வொருத்தராக் கலைஞ்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. தேர் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. இன்னொண்ணு, உணர்ச்சிக் கணக்கு. பயத்தையும் பதற்றத்தையும் பார்த்துக்கிற அமிக்டலா, சந்தோஷத்துக்கு டோபமைன் விடற பகுதி. இந்தக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் நேராகாது. வாரங்கள், பலருக்கு மாசங்கள். தூக்கம் துண்டு துண்டா வரும். பிரியாணி சப்புனு இருக்கும். நண்பர்கள் சிரிச்சா எரிச்சல் வரும். காரணம் இல்லாத ஒரு கனம். இந்தக் கனத்தை இரண்டு நிமிஷத்தில் இறக்கி வைக்கிற ஒரு பொருள் அவனுக்குத் தெரியும்.

ஆக, உடம்பு பழக்கத்தை மறந்துடுச்சு, மனசு மறக்கல. அவன் ஒரு நாள் போறான். பழைய ஆள்கிட்ட, பழைய அளவை வாங்கறான். அவனுக்குத் தெரிஞ்ச அளவு அதுதானே? முந்நூறு பேர் இழுத்த காலத்துக் கட்டை அது. இப்போ இழுக்கிறது நூறு பேர். தேர் அப்படியே நின்னுடும். மூளைத்தண்டில் மூச்சுக்குத் தாளம் போடற நரம்பணுக்கள் மேலயும் அந்தக் கட்டை விழுது. தூங்கற மாதிரிதான் இருக்கும். குறட்டை விடற மாதிரி சத்தம் வரும். பக்கத்தில் படுத்தவங்க "நல்லாத் தூங்கறான்"னு நினைப்பாங்க.

சிறையிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்கள், மருந்து கொடுக்காம வெறுமனே நிறுத்த வெச்சு அனுப்பின மையத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரங்கள். ஓபியாய்டு பழக்கம் உள்ளவங்க அதிகமா இறந்து போறது இந்தக் காலத்தில்தான்னு பல நாடுகளின் ஆய்வுகள் சொல்லுது. ரூமில் பூட்டி வைக்கிறது செய்ற வேலை இதுதான்: தாங்கும் சக்தியை இறக்கிட்டு, ஆசையை அப்படியே விட்டுட்டுக் கதவைத் திறந்து விடறது. அன்பினால்தான் செய்றாங்க. ஆனா செய்யாதீங்க.

அப்போ என்ன செய்றது? இரண்டு வழி மருந்துகள் இருக்கு. ஒண்ணு, பாய்ச்சலை அடக்கறது. 1978-ல் மார்க் கோல்டும் யேல் பல்கலைக்கழக நண்பர்களும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற குளோனிடின் அந்த நீல இடத்தை அமைதிப்படுத்தி விலகல் துன்பத்தைக் குறைக்குதுன்னு காட்டினாங்க. ஓபியாய்டே இல்லாத மருந்து அது. ரத்த அழுத்தத்தை ரொம்ப இறக்கிடும் என்பதால் நீங்களா வாங்கிப் போடக் கூடாது. அந்த வாரத்தைத் தாண்ட அது உதவும். அடுத்த மாசத்துக்கு உதவாது.

அடுத்த மாசத்துக்குப் புப்ரினார்ஃபின். இதுக்குச் சென்னையில் ஒரு பழைய கதை உண்டு. எண்பதுகளில் சென்னையில் பிரவுன் சுகர் பரவுச்சு. தொண்ணூறுகளில் அதில் பலர் மருந்துக்கடையில் கிடைச்ச புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினாங்க, ஒரே ஊசியைப் பகிர்ந்து எச்ஐவி வாங்கினாங்க. அதே புப்ரினார்ஃபின்தான் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையா இன்றைக்கு சிகிச்சை. முரண்பாடா தெரியலாம். அது பாதிக் கட்டை. சக்கரத்தை நிறுத்தாது, ஆனா பாயவும் விடாது. பூட்டில் இறுக்கமா உட்கார்ந்துக்கும் என்பதால் மேல ஹெராயின் எடுத்தாலும் பெருசா ஏறாது. நாள் முழுக்க அளவு ஏறி இறங்காம ஒரே நிலையில் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை அடிச்ச மணி நின்னுடும். அப்போதான் ஒருத்தர் வேலைக்குப் போக முடியும், தூங்க முடியும். ஒரே எச்சரிக்கை, விலகல் அறிகுறி ஆரம்பிச்ச பிறகுதான் முதல் மாத்திரை. முன்னாடியே போட்டா இருக்கிற முழுக் கட்டையை இது தள்ளிவிட்டு, எல்லா அறிகுறியும் ஒரே நேரத்தில் வந்து அடிக்கும். அதனால்தான் டாக்டர் காத்திருக்கச் சொல்றது.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பாங்க. சர்க்கரை நோயாளி வருஷக்கணக்கா இன்சுலின் போட்டா யாராவது அப்படிக் கேட்கிறாங்களா? இந்த மருந்தில் இருக்கிறவங்களுக்குச் சாவு குறையுது. எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

இன்னொரு பக்கம், இதையெல்லாம் கேட்டுட்டு வீட்டில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுக்கிற பாட்டிகிட்ட போய் மாத்திரையைப் பிடுங்காதீங்க. அவங்க உடம்பும் பழகியிருக்கும், திடீர்னு நிறுத்தினா அவங்களுக்கும் இதே பாய்ச்சல் வரும். அது உடம்பின் பழக்கம், போதை நோய் இல்லை. இரண்டையும் குழப்பி இந்த நாட்டில் எத்தனையோ பேரை வலியில் சாக விட்டிருக்கோம். 2014-ல் சட்டத்தைத் திருத்தினதே மார்ஃபின் நோயாளிகளுக்குச் சுலபமாக் கிடைக்கணும்னுதான்.

சிகிச்சை எங்கே? எங்க ஊரிலிருந்துன்னா தவளக்குப்பம் வந்து, பஸ் பிடிச்சுப் பாண்டி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கோரிமேடு ஜிப்மர். மனநலத் துறையில் போதை மீட்பு சிகிச்சை இருக்கு. ஒரு நாள் போயிட்டு முடியற வேலை இல்லை, திரும்பத் திரும்பப் போகணும். தினக்கூலிக்காரனுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். பூட்டி வைக்கிற யோசனை வர்றதுக்குப் பாதிக் காரணம் இந்தத் தூரம்தான்னு நான் நினைக்கிறேன். துணைக்கு ஒருத்தர் போனா, வண்டியில் கொண்டு விட்டா, அதுவே சிகிச்சையில் ஒரு பங்கு.

"போனா போலீஸ் பிடிக்குமா?" இதுவும் வந்த கேள்விதான். 1985-ம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. சொந்த உபயோகத்துக்கோ சின்ன அளவுக்கோ வழக்கு வந்தாலும், தானா முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கிறவங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் போதையால் வர்ற பாதிப்பை மனநோய்க் கணக்கில்தான் வெச்சிருக்கு. அதாவது அவங்களைக் கட்டி வைக்கவோ அடிக்கவோ எந்த மையத்துக்கும் உரிமை இல்லை. போன் பண்ணிக் கேட்கணும்னா 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல உதவிக்கு டெலி மனஸ், 14416. இரண்டும் இலவசம்.

கடைசியா ஒண்ணு, இதை எழுதி வெச்சுக்கோங்க. ஓபியாய்டு எடுத்த ஒருத்தர் எழுப்பினாலும் எழலை, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, உதடு நீலமாகுது, கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்குன்னா, தூங்கி எழட்டும்னு விடாதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க, என்ன எடுத்தார்னு மறைக்காம சொல்லுங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சு நின்னிருந்தா, வாயோட வாய் வெச்சு மூச்சு கொடுக்கத் தெரிஞ்சவங்க கொடுங்க. ஆஸ்பத்திரியில் நலாக்ஸோன் என்று ஒரு ஊசி இருக்கு, கட்டையைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து தட்டி விடும், சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். ஆனா அது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிடும், உள்ளே இருக்கிற சரக்கு அதுக்கு மேலயும் நிற்கலாம். அதனால் "முழிச்சுட்டான், வீட்டுக்குப் போலாம்"னு கிளம்பாதீங்க. டாக்டர் விடற வரைக்கும் அங்கேயே உட்காருங்க.

அடுத்த எபிசோடில் தூக்க மாத்திரைகள். அதை நிறுத்தறது ஓபியாய்டு மாதிரியும் இல்லை, குடிக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க, கேள்விகளை அனுப்புங்க.